பயிற்சியாளர் எடுத்த முடிவும் ஆட்டத்தின் முடிவும்: கால்பந்து ரசிகருக்கு ஒரு தொடக்க விளக்கம்

2022 கத்தார் உலகக்கோப்பை, டிசம்பர் 6. ஸ்விட்சர்லாந்துக்கு எதிரான நாக் அவுட் ஆட்டத்தில் போர்ச்சுகல் பயிற்சியாளர் ஃபெர்னாண்டோ சாண்டோஸ், கிறிஸ்டியானோ ரொனால்டோவைப் பெஞ்சில் உட்காரவைத்தார். அவருக்குப் பதிலாக இறங்கிய 21 வயது கொன்சாலோ ராமோஸ் ஹாட்ரிக் அடித்தார். போர்ச்சுகல் 6-1 என்று வென்றது. பெரிய பெயருக்குப் பயப்படாத பயிற்சியாளர் என்று பாராட்டு குவிந்தது. நான்கு நாள் கழித்து மொராக்கோவுடன் காலிறுதி. ரொனால்டோ மறுபடியும் பெஞ்சில், ராமோஸ் மறுபடியும் தொடக்க அணியில். இந்த முறை 1-0 என்று தோற்று போர்ச்சுகல் வெளியேறியது. ரொனால்டோவை உட்காரவைத்ததால்தான் தோற்றோம் என்ற பேச்சு கிளம்பியது. அடுத்த சில நாட்களில் சாண்டோஸ் பதவியிலிருந்து போனார்.

ஒரே முடிவு, இரண்டு தீர்ப்பு. தமிழில் நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பயிற்சியாளர் எடுத்ததும் ‘முடிவு’தான், ஆட்டத்தில் வந்ததும் ‘முடிவு’தான். ஒரே சொல் இரண்டுக்கும் வருவதால், பேச்சில் ஒன்று மற்றொன்றின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பயிற்சியாளர் செய்வதைத் தீர்மானம் என்றும், ஆட்டத்தில் வருவதை ரிசல்ட் என்றும் பிரித்து எழுதுகிறோம். கால்பந்து விவாதம் தொண்ணூறு சதவீதம் சண்டையாக முடிவதற்கு இந்த இரண்டும் கலந்துபோவதே காரணம் என்பது எங்கள் கருத்து.

கையில் இருப்பது எது, இல்லாதது எது

‘கோச் சரியில்லை’ என்று ஒருவர் சொன்னால் அதற்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு புகார்கள் ஒளிந்திருக்கும். வாங்கிய ஆட்கள் சரியில்லை, தேர்ந்தெடுத்த பதினொரு பேர் சரியில்லை, ஆடும் முறை சரியில்லை, ஆள் மாற்றிய நேரம் சரியில்லை, வீரர்களை நடத்தும் விதம் சரியில்லை. இவற்றில் எதைச் சொல்கிறோம் என்று பிரித்தால் பாதி விவாதம் அங்கேயே தெளிந்துவிடும்.

பெரிய கிளப்புகளில் ஆட்களை வாங்குவது இன்று பெரும்பாலும் ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்ற நிர்வாகியின் வேலை. பயிற்சியாளர் விருப்பம் சொல்வார், சில இடங்களில் வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் இருக்கும். ஆனால் விலை பேசுவதும் கையெழுத்து வாங்குவதும் அவர் இல்லை. அடுத்து பணம். நீண்ட காலக் கணக்கில், ஒரு கிளப் சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கும் லீகில் அது பிடிக்கும் இடத்துக்கும் மிக நெருங்கிய தொடர்பு இருக்கிறது. சம்பளச் செலவில் 14ஆவது இடத்தில் உள்ள அணி பட்டியலில் 10ஆவதாக முடித்தால் அந்தப் பயிற்சியாளர் நல்ல வேலை செய்திருக்கிறார். செலவில் இரண்டாவதாக இருந்து ஐந்தாவதாக முடித்தவரைக் கேள்வி கேட்கலாம். இருவரையும் வெறும் இடத்தை வைத்து ஒப்பிட்டால் முதலாமவர் எப்போதும் தோற்றவராகவே தெரிவார்.

வெளியிலிருந்து தெரியாத காரணங்களும் உண்டு. 2022-23 சீசன் தொடக்கத்தில் அட்லெடிகோ மாட்ரிட் ரசிகர்களுக்குக் கடும் கோபம். அந்துவான் கிரீஸ்மன் பார்சிலோனாவிலிருந்து கடனாக (அந்தக் கிளப்பின் வீரராக இருந்தபடியே, குறிப்பிட்ட காலத்துக்கு) வந்து ஆடிக்கொண்டிருந்தார். நல்ல ஃபார்மில் இருந்த அவரைப் பயிற்சியாளர் சிமியோனே வாரா வாரம் ஏறக்குறைய 60ஆவது நிமிடத்துக்குப் பிறகே இறக்கினார். பிறகு ஊடகங்களில் விவரம் பரவலாக வந்தது: கிடைக்கக்கூடிய ஆட்டங்களில் பாதிக்கு மேல் அவர் 45 நிமிடமாவது ஆடினால், சுமார் 4 கோடி யூரோ கொடுத்து வாங்கியே ஆகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. அக்டோபரில் இரண்டு கிளப்பும் குறைந்த தொகைக்கு உடன்பட்டதும் கிரீஸ்மன் முழு ஆட்டம் ஆடத் தொடங்கினார். அந்த இரண்டு மாதம் சிமியோனேவின் ஆட்ட அறிவைக் கேள்வி கேட்டவர்கள் தப்பான ஆளிடம் கேட்டிருக்கிறார்கள்.

ரிசல்ட்டுக்குப் பின்னால் பார்க்க ஒரு கருவி

கால்பந்தில் கோல் மிகக் குறைவு. அதனால் அதிர்ஷ்டத்தின் பங்கு கிரிக்கெட்டையோ கூடைப்பந்தையோ விட அதிகம். இதைச் சமாளிக்கத்தான் எக்ஸ்ஜி என்ற அளவு வந்தது. எதிர்பார்க்கக்கூடிய கோல் என்று பொருள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அது அடிக்கப்பட்ட தூரம், கோணம், காலா தலையா, பந்து எப்படி வந்தது என்பதையெல்லாம் பார்த்து, அதே மாதிரியான ஆயிரக்கணக்கான ஷாட்களில் எத்தனை கோலானது என்று கணக்கிட்டு 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு தருவார்கள். பெனால்டிக்குச் சுமார் 0.76 முதல் 0.79. பெனால்டி பெட்டிக்கு வெளியே தூரத்திலிருந்து அடிக்கும் பெரும்பாலான ஷாட்களுக்கு 0.05கூட வராது. ஒரு அணி தூரத்திலிருந்து பத்து ஷாட் அடித்தால் மொத்தம் 0.5க்குள்தான். எதிரணி, கோல்கீப்பருக்கு நேர் எதிரே இரண்டே இரண்டு நல்ல வாய்ப்பு உருவாக்கினால் 0.8. ‘பத்து ஷாட் அடித்தோம், அவர்கள் இரண்டுதான்’ என்ற வாதம் இங்கே உடைகிறது.

இன்னொரு கணக்கு. ஒரு அணி 1.8 எக்ஸ்ஜியும் எதிரணி 0.9ம் உருவாக்குகிறது. இரண்டு மடங்கு சிறந்த ஆட்டம். எளிய நிகழ்தகவு முறையில் போட்டுப் பார்த்தால், இப்படி 100 ஆட்டம் ஆடினால் ஏறக்குறைய 59 வெற்றி, 23 சமன், 18 தோல்வி. அதாவது எதிரணியைவிட இரு மடங்கு நன்றாக ஆடியும் பத்தில் நான்கு முறை வெற்றியும் அதற்கான மூன்று புள்ளியும் கிடைக்காது. குறிப்பிட்ட மூன்று ஆட்டத்தில் தொடர்ந்து வெற்றி இல்லாமல் போக 7 சதவீத வாய்ப்பு. 38 ஆட்ட சீசனில் இப்படியொரு வறட்சி ஒரு தடவையாவது வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பயிற்சியாளரை நீக்கு என்ற குரல் கிளம்புவதும் சரியாக இந்த மூன்றாவது ஆட்டத்தில்தான்.

இதற்கு உதாரணம் 2020-21இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப். கிரஹாம் பாட்டரின் அணி அந்த சீசனில் 40 கோல்தான் அடித்தது. 41 புள்ளி, 16ஆவது இடம். ஆனால் எக்ஸ்ஜி கணக்கில் 50க்கு மேல். பந்தைப் பிடித்து, வாய்ப்பை உருவாக்கி, கடைசித் தொடுதலில் வீணாக்கிய அணி அது. கிளப் பயிற்சியாளரை மாற்றவில்லை. அடுத்த சீசனில் 51 புள்ளியோடு 9ஆவது இடம்.

எக்ஸ்ஜியை வைத்து ஏமாறவும் முடியும். ஒரே ஆட்டத்து எண்ணைத் தூக்கிப் பிடித்து வாதிடாதீர்கள். ஸ்கோர் 2-0 ஆனதும் முன்னிலையில் இருக்கும் அணி பின்வாங்கிக் கோட்டையைக் காக்கும், பின்தங்கிய அணி அடித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் தோற்ற அணியின் எண் பெரிதாகத் தெரியும். 2-0 ஆகும்வரை என்ன நடந்தது என்பதைத் தனியாகப் பார்க்கவேண்டும். பெனால்டியைக் கழித்துவிட்டுப் பார்ப்பதும் நல்லது. அணி உருவாக்கிய எக்ஸ்ஜியிலிருந்து எதிரணிக்கு விட்டுக்கொடுத்த எக்ஸ்ஜியைக் கழித்து, பத்து ஆட்டத்துக்கு ஒரு சராசரி எடுங்கள். அந்த எண் ஆட்டத்துக்கு +0.5 ஆக இருந்தால் அணி நன்றாக ஆடுகிறது, ரிசல்ட் பின்னால் வரும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் பட்டியலின் நடுப்பகுதி. மைனஸில் போய்க்கொண்டே அணி ஜெயித்துக்கொண்டிருந்தால், யாரும் கவலைப்படாத அந்த நேரத்தில்தான் கவலைப்படவேண்டும்.

‘ஏன் இன்னும் ஆளை மாற்றவில்லை?’

ரசிகர்கள் அதிகம் கொதிப்பது இந்தக் கேள்வியில். முதலில் விதி. 2020 மே மாதம் தற்காலிகமாக வந்த ஐந்து மாற்று வீரர் முறை பிறகு நிரந்தரமானது. ஐந்து பேரை மாற்றலாம், ஆனால் ஆட்டத்தை நிறுத்தி மாற்ற மூன்று சந்தர்ப்பம்தான். இடைவேளையில் செய்யும் மாற்றம் இந்த மூன்றில் சேராது. கூடுதல் நேரத்துக்குப் போனால் இன்னொரு ஆளும் இன்னொரு சந்தர்ப்பமும் கிடைக்கும்.

இந்த மூன்று சந்தர்ப்பம் என்ற கட்டுப்பாட்டைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு காட்சியைப் பார்ப்போம். 58ஆவது நிமிடம், ஸ்கோர் 1-1. இடது ஃபுல்பேக் (ஓரத் தடுப்பாட்டக்காரர்) மஞ்சள் அட்டை வாங்கியிருக்கிறார், எதிரணியின் வேகமான விங்கர் (ஓரத்தில் தாக்குபவர்) அவரைக் குறிவைத்து ஓடுகிறார். ஸ்ட்ரைக்கர் களைத்துவிட்டார். நடுக்கள வீரர் ஒருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், ஆனால் தொடர முடியும் என்று சைகை காட்டுகிறார். 26ஆவது நிமிடத்தில் காயத்துக்காக ஏற்கெனவே ஒரு சந்தர்ப்பம் போய்விட்டது. மீதி இரண்டு. இப்போதே ஃபுல்பேக்கை மட்டும் மாற்றினால் கடைசி அரை மணி நேரத்துக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம் மிஞ்சும். அதைப் பயன்படுத்திய பிறகு யாராவது விழுந்தால் பத்துப் பேரோடு ஆடவேண்டும். அதனால் பயிற்சியாளர் 65ஆவது நிமிடம்வரை பொறுத்து, இரண்டு மூன்று பேரை ஒரே தடவையில் மாற்றுவார். அந்த ஏழு நிமிடத்தில் விங்கர் கோல் அடித்துவிட்டால் ‘தூங்கிக்கொண்டிருந்தான்’ என்பார்கள். பொறுத்தது சரியா தப்பா என்பது விவாதத்துக்குரியதுதான். ஆனால் அவர் எதைக் கொடுத்து எதை வாங்கினார் என்று தெரிந்துகொண்டு விவாதிக்கவேண்டும். கார்னரைத் தடுக்கவேண்டிய நேரத்தில் ஆளை மாற்றத் தயங்குவதும் இப்படித்தான். யார் யாரைப் பிடிப்பது என்ற ஏற்பாடு அந்தக் கணத்தில் குலையும்.

ஆள் மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது 2014 உலகக்கோப்பையின் நெதர்லாந்து அணியை விட்டுவிட முடியாது. கோஸ்டாரிகாவுடனான காலிறுதி கோலில்லாமல் 120 நிமிடம் தாண்டியது. பெனால்டிக்குச் சற்று முன், பயிற்சியாளர் லூயி வான் கால் கோல்கீப்பர் யாஸ்பர் சில்லெஸனை வெளியே அழைத்து, உயரமான டிம் குருலை இறக்கினார். குருல் இரண்டு பெனால்டியைத் தடுத்தார், நெதர்லாந்து 4-3 என்று ஜெயித்தது. உலகமே மேதை என்றது. நான்கு நாள் கழித்து அர்ஜென்டினாவுடன் அரையிறுதி, மறுபடியும் 0-0, மறுபடியும் பெனால்டி. அப்போது மூன்று மாற்றம்தான் அனுமதி. மூன்றாவதை 96ஆவது நிமிடத்தில் ஸ்ட்ரைக்கருக்காகச் செலவழித்திருந்தார் வான் கால். களைத்த வான் பெர்சிக்குப் பதில் ஹுண்டெலார். சில்லெஸனே நின்றார். 4-2 தோல்வி.

இங்கே இரண்டு கேள்வி இருக்கிறது. பெனால்டிக்கு முன்பே கோல் அடித்து முடிக்க முயன்றது தவறா? ஹுண்டெலார் அடித்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டாவது கேள்வி கனமானது. காலிறுதியில் குருலுக்கு முன்கூட்டியே விஷயம் தெரியும், சில்லெஸனுக்குத் தெரியாது. வெளியே வந்தவர் கோபத்தில் தண்ணீர் பாட்டிலை உதைத்ததை எல்லோரும் பார்த்தோம். பெனால்டிக்கு நீ சரிப்பட மாட்டாய் என்று உலகமே பார்க்கச் சொல்லப்பட்ட ஒருவர், அடுத்த ஆட்டத்திலேயே பெனால்டிக்கு நிற்கவேண்டியிருந்தது. களத்தில் எடுக்கும் தீர்மானம் ஒவ்வொன்றும் ஒரு மனிதரைப் பற்றிய தீர்மானமும்கூட என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைப்பது கடினம்.

வீரர்களைக் கையாளுதல்: கணக்கும் மனசும்

கையாளுதல் என்றால் தோளில் தட்டிக்கொடுப்பது என்று நினைக்கிறோம். அதில் பெரும்பகுதி நிமிடக் கணக்கு. 38 ஆட்ட லீகில் ஒரு வீரர் முழுக்க ஆடினால் 3,420 நிமிடம். அணிக்கு மொத்தம் 37,620. இதை 22 முதல் 25 பேருக்குப் பகிரவேண்டும். கோப்பை ஆட்டங்கள், ஐரோப்பிய ஆட்டங்கள், தேசிய அணிக்குப் போய்வருவது எல்லாம் இதற்கு மேல்.

வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடும்போது வீரர்கள் ஓடும் தூரம் பெரிதாகக் குறைவதில்லை, ஆனால் காயம் அதிகரிக்கிறது. ரசிகரின் கண்ணை ஏமாற்றுவது இதுதான். ஆள் நன்றாக ஓடுகிறார், எதற்கு ஓய்வு என்று தோன்றும். ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்பக்கத் தசை) கிழிவது பெரும்பாலும் முழு வேகத்தில் ஓடும்போது, முன்னறிவிப்பில்லாமல் நடக்கும். பிறகு திரும்பி வருவதற்கு ஒரு படிவரிசை இருக்கிறது. முதலில் தனிப் பயிற்சி, பிறகு அணியோடு பயிற்சி, பிறகு கடைசி 15, 20 நிமிடம், அடுத்து அரை மணி, அடுத்து தொடக்கத்திலிருந்து ஒரு மணி நேரம். இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தால் அதே தசை மறுபடியும் கிழியும் அபாயம் பெரிது. ‘காயம் சரியாகிவிட்டது, பயிற்சியில் பார்த்தோம், ஏன் இன்னும் பெஞ்ச்?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலான பதில் இதுதான்.

ஒரு பயிற்சியாளர் நிமிடத்தை எப்படிப் பகிர்கிறார் என்று நீங்களே பார்க்கலாம். பிப்ரவரி வாக்கில் அணியின் நிமிடப் பட்டியலை எடுங்கள். ஆடக்கூடிய நிமிடங்களில் 90 சதவீதத்துக்கு மேல் எத்தனை பேர் ஆடியிருக்கிறார்கள்? கோல்கீப்பரையும் நடுத் தடுப்பாட்டக்காரர்களையும் விட்டுவிடுங்கள், அவர்கள் குறைவாக ஓடுகிறவர்கள். விங்கர், ஃபுல்பேக், நடுக்களத்தில் நான்கைந்து பேர் அந்த அளவில் இருந்து, தசைக் காயமும் அணியில் அதிகமாக இருந்தால், இங்கே புகார் சொல்ல இடமிருக்கிறது. மோதலில் முறிந்த எலும்புக்குப் பயிற்சியாளரைத் திட்டுவது நியாயமில்லை.

இளம் வீரர் விஷயத்தில் நிமிடத்தின் அளவைவிட அதன் தன்மையைக் கவனியுங்கள். 4-0 என்று ஜெயிக்கும்போது கடைசி எட்டு நிமிடம் இறக்குவது ஒன்று. 1-1 இருக்கும்போது 60ஆவது நிமிடத்தில் அவருடைய சொந்த இடத்தில் இறக்குவது வேறொன்று. 18 வயது நடுக்கள வீரரை மூன்று ஆட்டத்தில் மூன்று இடத்தில் ஆடவிட்டு, பிறகு தேறவில்லை என்று பெஞ்சுக்கு அனுப்பினால் அது பயிற்சியாளரின் பிழை.

ஒழுங்கு, பெரிய நட்சத்திரத்தோடு மோதல் போன்றவற்றில் ரசிகருக்குத் தெரிவது மிகக் குறைவு. 2023 ஜனவரி கடைசியில் மான்செஸ்டர் சிட்டி, அதுவரை முக்கிய ஆளாக இருந்த ஜோவா கன்செலோவை பாயர்ன் மியூனிக்குக்குக் கடனாக அனுப்பியது. பைத்தியக்காரத்தனம் என்று பலர் சொன்னார்கள். நடுத் தடுப்பாட்டக்காரர் ஜான் ஸ்டோன்ஸை நடுக்களத்துக்கு ஏற்றி ஆடவிட்டு, அந்த சீசனிலேயே மூன்று பெரிய கோப்பைகளை வென்றார்கள். கன்செலோ போனதால் ஜெயித்தார்கள் என்று இதிலிருந்து சொல்ல முடியாது, அதுவும் ரிசல்ட்டை வைத்துத் தீர்மானத்தை அளப்பதுதான். மாற்று ஏற்பாடு கையில் இருந்ததா என்பதே கேட்கவேண்டியது. இருந்தது.

4-3-3 (பின்னால் நான்கு, நடுவில் மூன்று, முன்னால் மூன்று பேர்) என்று அச்சிட்ட படத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுபவர்களுக்கு ஸ்டோன்ஸ் நல்ல பாடம். பந்து இல்லாதபோது அவர் பின்வரிசையில் நான்கு பேரில் ஒருவர், பந்து கையில் வந்ததும் நடுக்களத்தில் இருவரில் ஒருவர். 15 நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் பாருங்கள். உண்மையான அமைப்பு அதில்தான் தெரியும்.

புதியவர் வந்ததும் ஜெயிப்பது

பயிற்சியாளரை நீக்கினால் அடுத்த சில ஆட்டங்களில் புள்ளி கூடுவது உண்மை. ஆனால் எப்போது நீக்குகிறார்கள்? அணி தன் தரத்தைவிட மிகக் கீழே விழுந்திருக்கும்போது. அங்கிருந்து பெரும்பாலும் மேலேதான் வரமுடியும். நெதர்லாந்தின் முதல்நிலை லீகில் 1986 முதல் 2004 வரையிலான சீசன்களை ஆராய்ந்தபோது, இதே அளவு சரிவைச் சந்தித்தும் பயிற்சியாளரை நீக்காத கிளப்புகளும் ஏறக்குறைய அதே வேகத்தில் மீண்டு வந்திருந்தன. 2015 பிப்ரவரித் தொடக்கத்தில் யூர்கன் கிளாப்பின் டோர்ட்மண்ட் ஜெர்மன் லீகில் 18ஆவது, அதாவது கடைசி இடத்தில் இருந்தது. கிளப் அவரை நீக்கவில்லை. சீசன் முடிவில் 7ஆவது இடம்.

அப்படியானால் நீக்கவே கூடாதா? 2016இல் 81 புள்ளியோடு லெஸ்டரை இங்கிலாந்து சாம்பியனாக்கிய கிளாடியோ ரனியேரி, 2017 பிப்ரவரியில் நீக்கப்பட்டார். நன்றி கெட்ட செயல் என்று உலகம் முழுக்க வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த நேரத்தில் லெஸ்டர் 17ஆவது இடத்தில், கீழ்நிலை லீகுக்கு இறக்கப்படும் எல்லைக்கு ஒரே ஒரு புள்ளி மேலே. 2017 பிறந்து ஆறு லீக் ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. மறுபக்கம், நடுக்களத்தைத் தனியாளாகத் தாங்கிய கான்டேயை முந்தைய கோடையில் செல்சிக்கு இழந்திருந்தார்கள். அது ரனியேரியின் பிழை இல்லை. உதவிப் பயிற்சியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றதும் முதல் ஐந்து லீக் ஆட்டத்திலும் வெற்றி, சீசன் முடிவில் 12ஆவது இடம்.

இது இயல்பான மீட்சியா, பயிற்சியாளர் மாற்றத்தின் பலனா என்று இன்றும் வாதிடலாம். வாதிடுபவர் அந்த ஆறு ஆட்டத்தில் லெஸ்டர் எத்தனை நல்ல வாய்ப்பை உருவாக்கியது, கான்டே இல்லாத நடுக்களத்துக்கு ரனியேரி என்னென்ன மாற்று முயன்றார், அடுத்த ஐந்து ஆட்டத்தில் எதிரணிகள் யார் யார் என்ற மூன்றையும் முதலில் மேசைமேல் வைக்கட்டும்.